செலவு எண் 6140

ஐந்தரைக்கு இங்கே இன்னும் இருட்டு.
பேர்த்தில் எட்டு மணி; கிரெக் வேனை எடுத்திருப்பான்.
கொட்டகலையில் மருந்துக்கடைக்கு மேல்மாடி,
நாலு கணினி, ஒரு கேத்தல்,
காய மறுக்கும் ஆறு குடைகள்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே கடவுச்சொல்லை அடிக்கிறேன்.

கிரெக்கை நான் பார்த்ததில்லை.
அவன் பற்றுச்சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்:
செப்புக் குழாய், வால்வு, பெட்ரோல், மறுபடி பெட்ரோல்,
மார்ச்சில் ஒரு மோதிரம்.
தொழிலுக்கு மோதிரம் எதற்கு?
எடுப்பனவில் போட்டேன்.
ஏப்ரலில் அதே நகைக்கடை
அதே தொகையைத் திருப்பி அனுப்பியிருந்தது.
அதற்கும் ஒரு பதிவு உண்டு, ஒரே வரி.
விவரம் கேட்ட கட்டத்தில் 'திரும்பியது' என்று எழுதிவிட்டு
அன்று முழுக்க விசைகளை மெதுவாகத் தட்டினேன்.

பட்டம் வாங்கி பஸ்ஸில் வந்து இறங்கிய நாளில்
லயத்தில் எல்லோருக்கும் என் எதிர்காலம் தெரிந்திருந்தது:
ஒன்றில் பேங்க், அல்லது டீச்சர்,
ஒன்றுமில்லாவிட்டால் தோட்டத்துக் கந்தோரில் ஒரு மேசை.
பேங்கில் நேர்முகம் முடிந்து 'அறிவிப்போம்' என்றார்கள்.
ஐயக்கடனில் வைத்திருந்தேன்.
இரண்டாம் வருடம்
அறவிடமுடியாக் கடனாகப் பதிவழித்தேன்.

லோஜினி கொழும்புக்குப் போனாள்.
பெரிய ஆடிட் கம்பனி, கழுத்தில் தொங்கும் அட்டை,
வெள்ளவத்தையில் மூன்று பேருக்கு ஓர் அறை.
மார்ச் மாதத்தில் போன் எடுத்தால்
இரவு பதினொன்றுக்கும் யாரோ பின்னால் பிரதி எடுக்கும் சத்தம்.
'பேர் இருக்குதானேடி' என்பாள்,
பிறகு என்ன சாப்பிட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் வராது.

எனக்கு இன்னும் நாலு பாடம்.
கட்டணம் பவுணில்; பவுண் ஏறும்,
சம்பளம் இருந்த இடத்தில் இருந்து பார்க்கும்.
வரிப் பாடத்தில் நாற்பத்தொன்பது எடுத்தேன்.
ஒரு புள்ளி என்ன விலை என்று
யாருக்காவது தெரியவேண்டுமானால் என்னைக் கேட்கலாம்.

ஜூன் முப்பது. அவர்களுக்கு வருட முடிவு.
நமக்கு மழை.
கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
வங்கி இணக்கத்தில் பதினெட்டு டொலர் இடித்தது.
ஒன்பதால் பிரிபடும் பிழை,
எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.
தேடித் தேடி வந்து நின்ற இடம் 6140, வெளிச் சேவைகள்.
1,386 என்று இருக்கவேண்டியதை
1,368 என்று அடித்திருக்கிறார்கள்.
யார்? நான்தான்.

விலைப்பட்டியலைத் திறந்தேன். எங்கள் கம்பனியின் பெயர்.
கணக்குப் பதிவு, முப்பத்தாறு மணித்தியாலம்,
மணிக்கு முப்பத்தெட்டரை டொலர்.
அந்த முப்பத்தாறும் நான்.
முதல்முறையாக என்னை ஒரு கணக்கில் பார்த்தேன்,
செலவுப் பக்கத்தில்,
தொலைபேசிக்கும் வாகனக் காப்புறுதிக்கும் நடுவில்.

ரூபாயாக்கி அடித்துப் பார்த்தேன்.
ஏழாவது மணித்தியாலத்தில் என் மாதச் சம்பளம் தீர்ந்தது.
மிச்சம் இருபத்தொன்பது.
கிரெக்கைப் போல் எனக்கு இன்னும் எட்டுப் பேர்.

அதற்குமேல் அடிக்கவில்லை.

அவன் மின்னஞ்சல் அதே காலையில் வந்தது:
அடுத்த வருடம் 6140ஐக் கொஞ்சம் குறைக்கலாமா?
'குறைக்கலாம், நானே நேரடியாகச் செய்தால்' என்று எழுதினேன்.
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் வாசகம் கண்ணுக்குள் வந்து நின்றது.
அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.
வரைவில் கிடக்கிறது.
வரக்கூடிய சொத்தைத் தொகையில் சேர்க்கக்கூடாது,
அடிக்குறிப்பில் சொல்லலாம் என்பது விதி.
இது அடிக்குறிப்பு.

எட்டரைக்குச் சுதர்மன் சேர் வந்து கேத்தலை வைத்தார்.
'கிரெக் முடிஞ்சிருச்சா?'
'முடிஞ்சிருச்சு சேர். பதினெட்டு டொலர் என்னோட பிழை.'
'சரி, சரி' என்றார், குடையை உதறியபடி.